"லே-ஆப்" என்றால் வேலை போய் விட்டதா?

பென்னலூரில் ஒரு வீடு. விடியற்காலை 5 மணி.

மகள் கம்பெனி பஸ்சுக்குப் புறப்பட்டுக் கொண்டு இருக்கிறாள். தாய் டிபன் பாக்சில் எலுமிச்சம் பழச் சோறு கட்டிக் கொண்டு இருக்கிறாள்.

அந்த நேரத்தில் மகளின் செல்போனில் ஒரு செய்தி வருகிறது. ஆங்கிலச் செய்தி. கூட வேலை செய்யும் தோழி அனுப்பியது. பக்கத்து ஆலையில் 200 பேர் "லே-ஆப்" என்று அதில் இருக்கிறது.

"என்னம்மா போட்டிருக்கு?" என்று தாய் கேட்கிறாள்.

"200 பேருக்கு வேலை போச்சாம், அம்மா!" என்கிறாள் மகள்.

தாயின் கை நின்று விடுகிறது. நகைக் கடன் நினைவுக்கு வருகிறது. மகனின் கல்லூரிக் கட்டணம் நினைவுக்கு வருகிறது. இன்று பக்கத்து ஆலை. நாளை நம் மகளின் ஆலையோ? அன்று முழுவதும் அந்தத் தாய்க்குச் சோறு இறங்காது.

இது கற்பனை வீடுதான். ஆனால் இருங்காட்டுக்கோட்டை முதல் சுங்குவார்சத்திரம் வரை, ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை, இப்படிப்பட்ட வீடுகள் ஆயிரம் ஆயிரம் இருக்கின்றன. கார், செல்போன், குளிர்சாதனப் பெட்டி, மோட்டார் சைக்கிள் என்று எல்லாம் செய்கிற ஊர்கள் இவை. இங்கே செய்கிற பொருளும் உலகம் சுற்றுகிறது. இந்த ஊரைப் பற்றிய செய்தியும் உலகம் சுற்றி, ஆங்கிலத்தில் திரும்பி வருகிறது.

அந்த ஆங்கிலத்தில்தான் சிக்கல். எழுத்துக் கூட்டிப் படித்து விடலாம். அகராதியில் பொருளும் பார்த்து விடலாம். ஆனாலும் செய்தி புரியாது. சில வேளை தலைகீழாகப் புரியும்.

அந்தத் தாய் கலங்கும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "வேலையே போய் விட்டதா? அல்லது சில நாளைக்கு வேலை இல்லையா?"

இரண்டும் ஒன்று அல்ல. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு!

ஒரு சொல், இரண்டு நாடு

அமெரிக்கப் பத்திரிகை "லே-ஆப்" என்று எழுதினால், பெரும்பாலும் வேலை போய் விட்டது என்றே பொருள். நம் பேச்சில் சொன்னால், சீட்டைக் கிழித்து விட்டார்கள்.

இந்தியச் சட்டத்தில் அப்படி அல்ல.

1947-ம் ஆண்டு தொழில் தகராறு சட்டம் வந்தது. 1953-ம் ஆண்டு அதைத் திருத்தி, "லே-ஆப்" பற்றிய விதிகளைச் சேர்த்தார்கள். மின்சாரம் இல்லை, மூலப்பொருள் வரவில்லை, எந்திரம் பழுது, செய்த சரக்கு விற்காமல் தேங்கிக் கிடக்கிறது - இப்படிப்பட்ட காரணத்தால் தொழிலாளிக்கு வேலை கொடுக்க முடியாமல் போவதுதான் "லே-ஆப்". பதிவேட்டில் அவர் பெயர் அப்படியே இருக்கும். காரணம் நீங்கியதும் வேலைக்குத் திரும்பலாம்.

அதுவரை அவர் பட்டினி கிடக்க வேண்டுமா? இல்லை. 50 பேருக்குக் குறையாத ஆலையில் ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு, சட்டம் சொல்லும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் பாதி உண்டு.

வேலையை விட்டே நீக்குவதற்குச் சட்டத்தில் வேறு பெயர் இருக்கிறது. அதுதான் "ரிட்ரெஞ்ச்மெண்ட்". தமிழில் ஆட்குறைப்பு. ஓராண்டு வேலை செய்தவரை அப்படி நீக்க வேண்டுமானால், ஒரு மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும்; அல்லது அந்த மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். வேலை செய்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் நட்ட ஈடாகத் தர வேண்டும்.

2025-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்கு 2020-ம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு வந்து விட்டது. இந்த இரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாடு அதிலும் இருக்கிறது.

ஆகவே செய்தியில் "லே-ஆப்" என்று கண்டதும் கண்ணீர் விட வேண்டாம். எழுதியவர் அமெரிக்க வழக்கில் எழுதினாரா, நம் சட்டத்தின் சொல்லாக எழுதினாரா என்று பாருங்கள். செய்தியை இன்னும் நாலு வரி படித்தால் தெரிந்து விடும். "எத்தனை நாள்" என்று போட்டிருந்தால் தற்காலிகம். "கணக்குத் தீர்க்கப்பட்டது" என்று போட்டிருந்தால் ஆட்குறைப்பு.

வால் முளைத்த சொற்கள்

ஆங்கிலத்தில் சின்னச் சின்னச் சொற்கள் உண்டு. "ஆப்", "அவுட்", "டவுன்", "அப்" என்பவை அவை. ஒரு வினைச் சொல்லின் பின்னால் வால் போல ஒட்டிக் கொள்ளும். ஒட்டிக் கொண்டதும் தலையே மாறி விடும்!

சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் வேண்டும் என்பது முக்கியமான கோரிக்கை. 37 நாள் கடந்து, அக்டோபர் 15-ந் தேதி அது முடிந்தது.

வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தால், ஆங்கிலத்தில் "ஸ்டிரைக் கால்டு" என்பார்கள். வேலைநிறுத்தத்தைக் கைவிட்டால், "ஸ்டிரைக் கால்டு ஆப்" என்பார்கள். இடையில் ஒரே ஒரு வால்தான் வேறுபாடு. அந்த வாலைப் பார்க்காமல் படித்தால், முடிந்து போன போராட்டம் தொடங்கி விட்டதாகத் தோன்றும். வேலைக்குப் போக வேண்டிய நாளில் வீட்டில் உட்கார்ந்து இருக்க நேரும்.

"வைண்ட் டவுன்" என்று இன்னொன்று. மறைமலை நகரில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக 2021-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி போர்டு கம்பெனி அறிவித்தபோது இந்தச் சொல் அடிபட்டது. இதே எழுத்துக்களை "விண்ட்" என்று படித்தால் காற்று. "வைண்ட்" என்று படித்தால் சுற்றுவது. "டவுன்" சேர்ந்தால், கடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவது. ஒரே நாளில் கதவைப் பூட்டவில்லை. படிப்படியாக மூடுகிறார்கள் என்று பொருள்.

"ஆங்கிலம் என்ன இப்படிக் குழப்புகிறது?" என்று நீங்கள் சலித்துக் கொள்ளலாம். நம் தமிழை ஒரு வெள்ளைக்காரர் படிப்பதாக எண்ணிப் பாருங்கள்.

கை கொடுத்தான் என்றால் உதவினான். கை விட்டான் என்றால் துணை நிற்காமல் போனான். கை நீட்டினான் என்றால் அடித்தான். அல்லது கடன் கேட்டான். கை கழுவினான் என்றால் பொறுப்பை உதறினான். கை வைத்தான் என்றால் பணத்தை எடுத்து விட்டான்!

பாவம், அந்த வெள்ளைக்காரர்! அவர் அகராதியில் "கை" என்றால் ஓர் உறுப்புதான்.

எல்லா மொழிக்கும் இந்தக் குணம் உண்டு. பிறந்த வீட்டுப் பிள்ளைக்குப் புரியும். வந்த விருந்தாளிக்குப் புரியாது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

"நிறுத்தி வைப்பு" - எதுவரை?

சில சொற்கள் மென்மையாக ஒலிக்கும். செய்தியோ கடுமையாக இருக்கும்.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் ஆலை 2006-ம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கியது. இந்த வட்டாரத்துப் பெண்கள் ஏராளமானோர் முதன் முதலில் சம்பளப் பணம் கையில் வாங்கியது அந்த ஆலையால்தான்.

பின்னர் நோக்கியாவின் செல்போன் தொழிலை மைக்ரோசாப்ட் கம்பெனி வாங்கியது. 2014-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் கைமாறியது. வரித் தகராறு காரணமாக ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் கைமாறவில்லை. அந்த ஆலை மைக்ரோசாப்டுக்கு ஒப்பந்த முறையில் செல்போன் செய்து கொடுத்தது. அந்த ஒப்பந்தமும் முடிவுக்கு வந்தது.

2014-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி முதல் உற்பத்தி "சஸ்பெண்ட்" செய்யப்படும் என்று நோக்கியா அறிவித்தது.

"சஸ்பெண்ட்" என்றால் நமக்கு என்ன தெரியும்? ஓர் அதிகாரியை "சஸ்பெண்ட்" செய்தால், விசாரணை நடக்கும். குற்றம் இல்லை என்றால் திரும்பி வருவார். தமிழில் "நிறுத்தி வைப்பு" என்கிறோம். "வைப்பு" என்ற சொல்லிலேயே நம்பிக்கை இருக்கிறது. அரிசியை எடுத்து வைத்தால், பிறகு சமைக்கத்தானே?

ஆனால் அந்த ஆலையில் நோக்கியாவின் செல்போன் உற்பத்தி மறுபடியும் தொடங்கவே இல்லை. ஆண்டுகள் கழித்து, சால்காம்ப் என்ற வேறு கம்பெனி அந்த இடத்தை வாங்கியது.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக் கொண்டு, "ஆலை திறக்கும்" என்று காத்திருந்தால், வீட்டில் அடுப்பு எரியுமா?

அதனால் "சஸ்பெண்ட்" என்று படித்தால், உடனே கேளுங்கள்: எதுவரை? தேதி போட்டிருக்கிறதா? தேதி இல்லாத நிறுத்தி வைப்பை மூடியதற்குச் சமமாக எண்ணி, வேறு வழியும் பார்த்து வைப்பதே புத்திசாலித்தனம்.

இன்னொரு சொல் "புரொபேஷன்". புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் ஆறு மாதம் "புரொபேஷனில்" இருக்கிறார் என்போம். ஓர் ஆலையே "புரொபேஷனில்" இருக்குமா?

இருந்தது! சுங்குவார்சத்திரத்து பாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்களில் பலர், 2021-ம் ஆண்டு டிசம்பரில், தங்கி இருந்த விடுதியில் உணவு நஞ்சாகி நோயுற்றார்கள். பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடினார்கள். அந்த ஆலை செல்போன் செய்து கொடுத்தது ஆப்பிள் கம்பெனிக்கு. விடுதிகளும் உணவுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் கண்டது. ஆலையை "புரொபேஷனில்" வைத்ததாக அறிவித்தது. ஆலை புதியது என்று அதற்குப் பொருள் இல்லை. "உன் மீது கண் வைத்திருக்கிறேன், நிலைமையைச் சரி செய்து காட்டு" என்பதே பொருள். 2022-ம் ஆண்டு ஜனவரியில் ஆலை மீண்டும் இயங்கியது.

பசுமை விமான நிலையம் பச்சையா?

தவறு ஆங்கிலத்தில் மட்டும் இல்லை. தமிழில் பெயர்ப்பவர்களிடமும் இருக்கிறது. இதோ, நம் மாவட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு.

காஞ்சீபுரம் மாவட்டம் பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அமைக்கப் போவதாக 2022-ம் ஆண்டு அறிவித்தார்கள். ஏகனாபுரம் முதலிய ஊர்களின் மக்கள் நிலம் கொடுக்க மறுத்துப் போராடினார்கள். திட்டத்துக்கு 5,000 ஏக்கருக்கு மேல் நிலம் தேவை.

ஆங்கிலத்தில் இதைக் "கிரீன்பீல்டு" விமான நிலையம் என்கிறார்கள். தமிழில் "பசுமை விமான நிலையம்" என்று எழுதி விட்டார்கள்.

படிக்கிற குடும்பம் என்ன நினைக்கும்? மரம் நிறைந்த விமான நிலையம். சூரிய ஒளியில் ஓடும். புகை இராது என்றுதானே நினைக்கும்?

அந்தச் சொல்லுக்கு அது பொருளே அல்ல. ஏற்கெனவே கட்டடம் எதுவும் இல்லாத வெறும் வெளியில், அடியில் இருந்து புதிதாகக் கட்டுவதுதான் "கிரீன்பீல்டு". பழைய கட்டடம் இருந்த இடத்தில் கட்டினால் "பிரவுன்பீல்டு". அவ்வளவுதான்.

பரந்தூரில் அந்த "வெறும் வெளி" எது? வயலும் ஏரியும்தான்! பயிர் இருந்த பச்சை போய், விமானம் இறங்கும் தளம் வருவதற்குப் பெயர் "பசுமை" என்றால், வயலை இழக்கிற உழவர் சிரிப்பாரா, அழுவாரா?

விமான நிலையம் வேண்டுமா, வேண்டாமா என்பது வேறு வழக்கு. அதில் இரண்டு பக்கமும் பேசட்டும். ஆனால் பேசுகிறவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்து பேச வேண்டாமா? "புதுவெளி விமான நிலையம்" என்று எழுதினால் பொருள் விளங்கி விடும். குழப்பம் இராது.

"வெள்ளை யானை" என்பதும் இப்படித்தான். நட்டத்தில் ஓடும் பெரிய திட்டத்தை ஆங்கிலத்தில் "வெள்ளை யானை" என்பார்கள். தீனி போட்டு மாளாது. பயனும் இல்லை என்று பொருள். நமக்கோ வெள்ளை யானை என்றால் இந்திரன் ஏறி வரும் ஐராவதம்! ஏளனமாகச் சொன்னது பாராட்டாகி விடுகிறது.

"அது" எது? "அவர்" யார்?

இனி, எல்லாவற்றிலும் சிறிய சொற்களுக்கு வருவோம். "அது", "அவர்", "நாம்", "நீங்கள்" என்பவைதான் அவை.

ஆங்கிலச் செய்தியில் கம்பெனியும் "அது". சங்கமும் "அது". அரசும் "அது". நீதிமன்றமும் "அது". "நிர்வாகம் சங்கத்திடம் பேசியது. அது நாளை முடிவு சொல்லும்" என்று இருந்தால், எது முடிவு சொல்லும்? நிர்வாகமா? சங்கமா?

"அது" என்று வரும் இடத்தில் எல்லாம் பென்சிலால் அதன் பெயரை எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் செய்தி புரிந்து விட்டது. எழுத முடியவில்லை என்றால், எழுதியவரே தெளிவாக எழுதவில்லை!

சில வேளை அந்த "அது" யாருமே அல்ல. "இட் இஸ் லேர்ண்ட்" என்று செய்தி தொடங்கும். "தெரிய வருகிறது" என்று பொருள். யாருக்குத் தெரிந்தது, யார் சொன்னது என்று அதில் இல்லை. பெயர் சொல்ல ஆள் இல்லாத செய்தியை முழுதும் நம்பி நகையை விற்காதீர்கள்.

இன்னொரு வேடிக்கை. ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப எழுத ஆங்கிலச் செய்தியாளர்கள் கூச்சப்படுவார்கள். முதல் வரியில் "சாம்சங்". அடுத்த வரியில் "கொரியக் கம்பெனி". அதற்கு அடுத்த வரியில் "மின்னணுப் பூதம்". புதிதாகப் படிக்கிறவர் மூன்று கம்பெனி என்று எண்ணி விடுவார். உள்ளது ஒன்றுதான்! நாமும் "கோட்டை முடிவு செய்தது", "டெல்லி மறுத்தது" என்கிறோம் அல்லவா? கோட்டைச் சுவரா முடிவு செய்தது?

"அவன்" என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். பழைய ஆங்கிலச் சட்டங்களில் தொழிலாளியை "ஹீ" என்றே எழுதி இருப்பார்கள். ஆண்பாலில் சொன்னது பெண்ணையும் குறிக்கும் என்று 1897-ம் ஆண்டின் பொது விதிகள் சட்டத்தின் 13-வது பிரிவு சொல்கிறது. ஆகவே, தாய்மார்களே, "இது ஆண்களுக்கு உள்ள சலுகை, நமக்கு இல்லை" என்று ஒதுங்கி விடாதீர்கள். 1947-ம் ஆண்டுச் சட்டம் "ஒர்க்மேன்" என்றது. 2020-ம் ஆண்டுத் தொகுப்பு "ஒர்க்கர்" என்கிறது. பெயர் மாறினாலும், மாறாவிட்டாலும், உரிமை இருவருக்கும் உண்டு.

"தே" என்ற சொல் பலரைக் குறிக்கும் என்று பள்ளியில் படித்தோம். இன்று ஒருவரையும் அது குறிக்கிறது. பேசியது ஆணா, பெண்ணா என்று காட்டாமல் இருக்க, "ஒரு தொழிலாளி சொன்னார், தே பயந்து இருக்கிறார்" என்கிற முறையில் எழுதுகிறார்கள். அதை "அவர்கள்" என்று பெயர்த்தால், ஒருவர் சொன்னது ஊரே சொன்னதாகி விடும். நம்மிடம் "அவர்" என்ற அருமையான சொல் இருக்கிறது. ஆணுக்கும் ஆகும். பெண்ணுக்கும் ஆகும். மரியாதையும் இருக்கிறது.

நாமா? நாங்களா?

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகத் தோன்றுவது இதுதான்.

ஆங்கிலத்தில் "வீ" என்று ஒரே சொல். தமிழில் இரண்டு. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் "நாம்". அவரை விட்டுவிட்டுச் சொன்னால் "நாங்கள்".

ஒரு கம்பெனியின் தலைவர் ஆங்கிலத்தில் பேசுகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். "காலம் கெட்டுக் கிடக்கிறது. வீ வயிற்றைக் கட்ட வேண்டும்" என்கிறார்.

யார் வயிறு?

"நாம் வயிற்றைக் கட்ட வேண்டும்" என்றால், தலைவரின் வயிறும் அதில் உண்டு. அவருடைய சம்பளமும் குறைய வேண்டும். "நாங்கள் முடிவு செய்து விட்டோம்" என்றால், தொழிலாளி அந்த முடிவில் இல்லை. அவர் பாடு தனி.

ஆங்கிலத்தில் இதைச் சொல்லாமல் தப்பி விடலாம். தமிழில் முடியாது. வாயைத் திறந்ததும், "நாமா, நாங்களா" என்று மொழியே கேட்டு விடும்!

"இட்ஸ்" என்ற சொல்லும் அப்படியே. "கம்பெனி தன் தொழிலாளர்களுக்குப் போனஸ் தரும்" என்று செய்தி வரும். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர் "தன் தொழிலாளி"யா? அதே எந்திரத்தில் அதே வேலை செய்தாலும், பதிவேட்டில் அவருடைய பெயர் ஒப்பந்தக்காரரிடம் இருக்கலாம். செய்தியைப் படித்து மிட்டாய் வாங்கும் முன், "தன்" என்பதில் நாம் சேர்த்தியா என்று கேட்டுக் கொள்ள வேண்டும்.

உலகமே நடுங்கிய ஒரு சொல்

இது நம் ஊர்ச் சங்கதி மட்டும் அல்ல. வல்லரசுகளும் இப்படித் தடுமாறி இருக்கின்றன.

1956-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி, மாஸ்கோ நகரில் ஒரு விருந்து. ரஷியத் தலைவர் குருசேவ் மேல்நாட்டுத் தூதர்களைப் பார்த்து ஒரு பேச்சு வழக்கைச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தார். "உங்களைப் புதைப்போம்" என்று ஆயிற்று!

அணுகுண்டுக் காலம் அது. மேல்நாடுகள் பதறின. "உங்களுக்குப் பிறகும் நாங்கள் இருப்போம், எங்கள் கொள்கை நிலைக்கும்" என்பதே அவர் கருத்து என்று பிறகு பலர் விளக்கினார்கள். தாம் மண்வெட்டி எடுத்துக் குழி தோண்டப் போவதாகச் சொல்லவில்லை என்று 1963-ம் ஆண்டு குருசேவே விளக்க வேண்டி வந்தது.

நம் பாட்டி, "கட்டையில் போகிறவனே!" என்று பேரனைத் திட்டுகிறாள். அதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் பெயர்த்தால், போலீசே வந்து விடும்!

வெட்டி வைத்துக் கொள்ளுங்கள்

அடிக்கடி வரும் சில சொற்கள் இதோ:

லே-ஆப்: நம் சட்டத்தில் தற்காலிக வேலையின்மை. பெயர் பதிவேட்டில் இருக்கும்.

ரிட்ரெஞ்ச்மெண்ட்: ஆட்குறைப்பு. வேலை போய் விட்டது.

லாக்-அவுட்: கதவடைப்பு. தகராறில் நிர்வாகம் கதவை மூடுவது. தற்காலிகம்.

குளோஷர்: ஆலை மூடல். நிரந்தரம்.

கால்டு ஆப்: கைவிடப்பட்டது.

சாங்ஷன்: கடன் விஷயத்தில் அனுமதி. நாட்டுக்கு நாடு சண்டையில் தடை. ஒரே சொல், எதிர் எதிர்ப் பொருள்!

காஷுவல்டி: விபத்து, போர்ச் செய்திகளில் இறந்தவர், காயம் அடைந்தவர் இருவரும் சேர்ந்த தொகை. அத்தனை பேரும் இறந்தார்கள் என்று பொருள் அல்ல. ஆஸ்பத்திரியில் இதே சொல் அவசரப் பிரிவைக் குறிக்கும்.

டேபிள்: மசோதாவை "டேபிள்" செய்தால், இந்தியாவில் அவையின் முன் வைத்தார்கள். அமெரிக்காவில் ஒத்திப் போட்டார்கள்.

என்ன செய்ய வேண்டும்?

"ஆங்கிலம் படித்துக் கொள்ளுங்கள்" என்று எளிதாகச் சொல்லி விடலாம். படிக்கத்தான் வேண்டும். அதில் ஐயம் இல்லை. ஆனால் பொறுப்பு முழுவதையும் படிக்கிறவர் தலையிலேயே கட்டுவது நியாயம் அல்ல.

ஒருவருடைய சோற்றைப் பற்றிய செய்தி, அவருக்குப் புரியும் மொழியில் வர வேண்டும். இது சலுகை அல்ல, நியாயம். புதிய கருத்தும் அல்ல. ஆலையின் நிலை ஆணைகளை ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் வாசல் அருகே எழுதி வைக்க வேண்டும் என்று 1946-ம் ஆண்டிலேயே சட்டம் செய்தார்கள். 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் அறிவிப்புகளுக்கு அதையே சொன்னது. அந்தச் சட்டங்கள் இன்று புதிய தொகுப்புகளுக்குள் போய் விட்டன. அவற்றில் இருந்த நியாயம் பழையதாகி விடவில்லை.

ஆகவே கம்பெனிகள் பத்திரிகைக்கு ஆங்கிலத்தில் அறிக்கை கொடுக்கும் அதே நேரத்தில், வாசலில் தமிழில் ஒட்ட வேண்டும். ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்து வேலை செய்கிறவர்களுக்கு அவர்கள் மொழியிலும் ஒட்ட வேண்டும். நம் பிள்ளைக்கு ஆங்கிலம் எப்படியோ, அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் அப்படி.

செய்தி எழுதுகிறவர்களுக்கும் கடமை உண்டு. சொல்லைப் பெயர்க்காமல் பொருளைப் பெயர்க்க வேண்டும். "அது", "அவர்கள்" என்று போகாமல் பெயரைப் போட வேண்டும். பெயரைத் திரும்ப எழுதினால் அழகு குறையாது. புரிவதே அழகு.

படிக்கிறவர்கள் மூன்றே மூன்று கேள்விகளை மனத்தில் வைத்துக் கொண்டால் போதும்.

யார்?

என்ன?

எதுவரை?

இந்த மூன்றுக்கும் செய்தியில் விடை இருந்தால் நம்பலாம். இல்லை என்றால், மேற்பார்வையாளரைக் கேளுங்கள். சங்கத்தைக் கேளுங்கள். படித்த பிள்ளைகளைக் கேளுங்கள். பென்னலூரிலேயே பொறியியல் கல்லூரி இருக்கிறது. மாலை நேரத்தில் மாணவர் ஒருவர் தேநீர்க் கடையில் அரை மணி நேரம் செய்தியைப் படித்து விளக்கினால், அதைவிடப் பெரிய தொண்டு வேறு என்ன?

அந்தத் தாய்க்கும் மகளுக்கும் வருவோம்.

"200 பேருக்கு வேலை போச்சாம், அம்மா!" என்று மகள் சொன்னதும், தாய் இப்படிக் கேட்கட்டும்:

"போச்சா? இல்லே, நாலு நாளைக்கு இல்லையா? நல்லாப் பார்த்துச் சொல்லும்மா!"

மகள் மறுபடியும் செல்போனைப் பார்க்கட்டும். கீழே நாலு வரி படிக்கட்டும். எந்திரம் பழுது, பத்து நாளில் சரியாகும் என்று இருக்கலாம். அல்லது உண்மையிலேயே ஆட்குறைப்பாக இருக்கலாம். எதுவானாலும், உள்ளது உள்ளபடி தெரிந்து விடும். தெரிந்த துன்பத்துக்கு வழி தேடலாம். தெரியாத பயத்துக்கு மருந்து கிடையாது.

கேட்பதில் வெட்கம் இல்லை. கேளாமல் இருந்தால்தான் நட்டம்!